டோரதி மிஸ்ஸும் முப்பத்தெட்டு பாட்டில்களும்

ஆம்பூரில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் டோரதி மிஸ் இருந்தார். மிஸ் என்று கூப்பிட்டோமே தவிர அவர் டீச்சர் இல்லை, ஆய்வக உதவியாளர். பியூரெட் கழுவுவார், ஆசிட் அளந்து ஊற்றிக் கொடுப்பார், பிராக்டிகல் முடிந்ததும் மேஜைகளை ஈரத்துணியால் துடைப்பார். அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. இப்போது இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த நாளில் கேலியாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

பஸ் என்றால் பயம். வளைவில் கவிழ்ந்துவிடுமாம். அதனால் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தே வருவார். காஸ் சிலிண்டர் என்றால் பயம், வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான், அதையும் சுவர் ஓரமாக நின்று ஒரு கையை நீட்டித்தான் பற்றவைப்பாராம். சர்ச்சில் கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். "ஏதாவது ஆச்சுன்னா சட்டுனு வெளிய வந்துடலாம் பாரு" என்பார். சர்ச்சில் என்ன ஆகும் மிஸ் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கணவர் சத்தியநாதன் வேலூரில் ஆஸ்பத்திரி வார்டு உதவியாளராக இருந்தவர். ஒரு நாள் டியூட்டிக்குப் போனவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்துச் சம்பளத்தை விட்டால் அவருக்கு வேறு நாதி கிடையாது. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிடுகிறார் என்று யாராவது வந்து சொன்னால் போதும், கையில் இருக்கும் டெஸ்ட் டியூபெல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பெயர் எழுதாத பாட்டில். தொண்ணூற்று நான்கில், நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு எவ்வளவோ முன்னால், ஒரு மாணவி மேஜையில் இருந்த பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்துக் கையில் ஊற்றிக்கொண்டாள். தோல் உரிந்துவிட்டது. அந்தப் பாட்டிலில் லேபிள் இல்லை. அது டோரதி மிஸ்ஸின் தவறும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஆய்வகத்தில் குடிதண்ணீர்ப் பானைக்குக் கூட 'தண்ணீர்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். புதிதாகச் சேரும் ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் பாடமே லேபிள்தான். என்ன பொருள், யார் எடுத்தது, எந்தத் தேதி. ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பாட்டிலை அவர் கையால் தொடமாட்டார்.

நான் ஒன்பதாவது படித்தது 2007-ல். அந்த வருஷம் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் பசுமைப் படை என்று ஒரு சுற்றுச்சூழல் மன்றம் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினான்கு பேர். புவி வெப்பமயமாதல் பற்றிக் கண்காட்சி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் உருகும் பனிக்கட்டி மேல் கரடி நிற்கிற மாதிரி சார்ட் வரைவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். என் தோழி கேத்தரின் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"கரடிய யாருடி பாத்தது? நம்மூர்ல மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, ஆத்துல தண்ணியே இல்ல. ஆத்துல தண்ணி இல்லன்னா போர்ல வர்றது இன்னா? கம்பெனித் தண்ணி. அத எடுத்து வெச்சிக் காட்டலாம்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. நல்ல மழை பெய்தால் நிலத்தடித் தண்ணீரில் உப்பு கொஞ்சம் குறையும். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் தெருக் கைபம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தோல் பதனிடும் கம்பெனிகளின் கழிவுநீர் எத்தனையோ வருஷமாக நிலத்துக்குள் இறங்கிய உப்பு அது. வெப்பம் கூடக்கூட, மழை குறையக்குறைய, நாங்கள் குடிக்கப்போவது இன்னும் உப்பாகத்தான் இருக்கும். இதைத்தான் காட்டுவது என்று முடிவு செய்தோம். பதினான்கு பேரும் தெருத்தெருவாகப் போய் முப்பத்தெட்டு வீடுகளில் தண்ணீர் பிடித்தோம். டோரதி மிஸ் ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடக் கொடுத்தார். உப்பு இருந்தால் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். முப்பத்தெட்டில் முப்பத்தொன்று வெளுத்தது. அந்த மருந்து பட்ட இடமெல்லாம் எங்கள் விரல்கள் கறுத்துப்போயின. எத்தனை தேய்த்தாலும் ஒரு வாரத்துக்குப் போகாது.

மருந்து விடும்போது டோரதி மிஸ், "இது யாருக்காவது கோவம் வருமா ஜோயா?" என்று என்னைக் கேட்டார். கண்காட்சிக்கு வேலூரிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார், அவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார், நம் ஊரில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னேன்.

லேபிள் ஒட்டும் வேலை என்னுடையது. நான்தான் அதற்கு ஒரு யோசனையும் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் நான்கு வரி இருக்கும்: பெயர், தகப்பனார் பெயர், தெரு, தகப்பனார் வேலை செய்யும் இடம். அட்மிஷனுக்கும் அதுதான், ஸ்காலர்ஷிப்புக்கும் அதுதான், நூலக அட்டைக்கும் அதுதான். லேபிள் என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்று டோரதி மிஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே என்று நான் அந்த நான்கு வரியையும் முப்பத்தெட்டு பாட்டிலிலும் எழுதினேன். அழகான கையெழுத்து என்று எல்லோரும் பாராட்டினார்கள். என் வீட்டுப் பாட்டிலில் 'அஹமது பாஷா' என்று என் அப்பாவின் பெயரும், அவர் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியின் பெயரும் மணிமணியாக இருந்தன. அந்தக் கம்பெனியின் முதலாளிதான் எங்கள் பள்ளிக்கூடத்துத் தாளாளர்.

இதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் அப்துல் ஹமீத் என்று ஒருவர் இருந்தார். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காரரிடம், மழை பெய்கிற அன்றைக்கு எங்கள் கம்பெனியில் கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனபோது கேட் திறக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு கேட் மூடினால் வாணியம்பாடி வரைக்கும் எல்லா கேட்டும் மூடிக்கொள்ளும். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், ஆள் வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் அலைந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர் பேச்சு வந்தால் அம்மி (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஜன்னலைச் சாத்துவார். இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த லேபிளை எழுதினேன். பதினான்கு வயதில் மூளை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கண்காட்சி அன்று காலைப் பிரேயரில் ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கில் சொன்னார். கல்வி அதிகாரிக்கு வேறு வேலை வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக நம் தாளாளர் ஐயாவே கம்பெனி மேனேஜரோடு பத்து மணிக்கு வந்து கண்காட்சியைத் திறந்து வைக்கிறார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். கடைசி வரிசையில் நின்றிருந்த டோரதி மிஸ், கொடிப்பாட்டு முடிவதற்குள்ளேயே திரும்பிக் கண்காட்சி ஹாலைப் பார்த்து நடந்தார். பிறகு ஓடினார். சேலையைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்து எங்கள் வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

ஒன்பதரை மணிக்கு நான் ஹாலுக்குப் போனபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டில்கள் மேஜையில் வரிசையாக நின்றன, ஒன்றிலும் லேபிள் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் நான் எழுதிய காகிதங்கள் ஊறிக் கூழாகிக் கிடந்தன. டோரதி மிஸ் கடைசி இரண்டு பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மிஸ் பண்றீங்க? லேபிள் இல்லன்னா இது வெறும் தண்ணி. யார் நம்புவாங்க? ஒரு மாசம் அலஞ்சிருக்கோம்" என்று கத்தினேன். அதோடு நிற்கவில்லை. "நீங்க பயந்து சாகுறதுக்கு நாங்க ஏன் மிஸ் நாசமாப் போகணும்?" என்றும் கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "உங்க அப்பா எங்கம்மா வேலை செய்றாரு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பாவின் பெயர், எங்கள் தெரு, கம்பெனி. அந்த மேஜையில் நான் வைத்திருந்தது கண்காட்சி இல்லை, ஊரில் யார் யார் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தார்கள் என்ற பட்டியல். பதினோரு வீட்டுக்காரர்கள் தாளாளரின் கம்பெனியில் இருந்தார்கள், மற்றவர்கள் அவருடைய நண்பர்களின் கம்பெனிகளில். என் கையெழுத்தில், நான்கு வரியாக, அழகாக. நானும் உட்கார்ந்து சுரண்டினேன். நான்தான் நிறையப் பசை தடவியிருந்தேன், வரவில்லை. ஒரு பாட்டிலில் 'பாஷா' மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. வாசலில் கார் ஹார்ன் கேட்டது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தேன்.

"நீ போ. வகுப்புப் பிள்ளைங்களோட போய் நில்லு. கையப் பின்னாடி வெச்சிக்கோ" என்றார் டோரதி மிஸ். நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் புதிய லேபிள் காகிதங்களை எடுத்து வைத்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஏதோ பொதுவாக, 'தண்ணீர் மாதிரி எண் ஒன்று, இரண்டு' என்று எழுதுகிறார் என்றுதான் நினைத்தேன்.

தாளாளர் அதிர்ந்து பேசமாட்டார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், குழந்தைகளைக் கூட வாங்க போங்க என்பார். அதனாலேயே அவரைப் பார்த்தால் எல்லோருக்கும் நடுக்கம். மேனேஜர் ராமலிங்கம் இரண்டடி பின்னால் வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் டீ குடித்துவிட்டு வந்து மர வளர்ப்பு சார்ட்டைப் பார்த்தார்கள், வெப்பமானி வரைபடத்தைப் பார்த்தார்கள், எங்கள் மேஜைக்கு வந்தார்கள். தாளாளர் ஒரு பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளுத்துக் கலங்கியிருந்தது.

"டோரதி, ஆய்வக உதவியாளர்" என்று வாசித்தார். அடுத்ததை எடுத்தார். "டோரதி, ஆய்வக உதவியாளர்." மூன்றாவதிலும் அதுதான். மேஜை முழுவதும் ஒரே பெயர். ஒரே தெரு, அவருடைய தெரு.

டோரதி மிஸ் மேஜைக்குப் பின்னால் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இது எந்த வீட்டுத் தண்ணிங்க?" என்று தாளாளர் கேட்டார்.

"எங்க வீட்டுத் தண்ணி சார்."

"இது?"

"அதுவும் எங்க வீட்டுதுதான் சார்."

"முப்பத்தெட்டும்?"

"ஆமாங்க சார்."

"உங்க வீட்ல எத்தனை கிணறு?"

"கிணறு இல்லீங்க சார். கைபம்பு ஒண்ணுதான்."

பின்னால் யாரோ ஒரு டீச்சர் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். தாளாளர் சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். ராமலிங்கம்தான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த வேலையில யார் யார் கூட இருந்தீங்க? கை தூக்குங்க பாக்கலாம்."

பதினான்கு பேர் நின்றோம். கேத்தரின் நின்றாள், என் வகுப்புத் தேவகி நின்றாள். ஒரு கைகூட எழும்பவில்லை. என் கறுத்த விரல்களைப் பின்னால் பாவாடை மடிப்புக்குள் திணித்து வைத்திருந்தேன், சிறுநீர் வந்துவிடும் போல இருந்தது. டோரதி மிஸ் எங்களைப் பார்க்கவேயில்லை. "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்று மட்டும் சொன்னார். குரல் உடைந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஆய்வகத்துக்குப் போனேன். அவர் பாட்டில்களைக் காலி செய்து கழுவிக்கொண்டிருந்தார். ஏன் மிஸ் உங்க பேரை எழுதினீங்க என்று கேட்டேன். வீரமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், உண்மையாகவே எதிர்பார்த்தேன்.

"லேபிள் இல்லாம வெக்க எனக்குப் பயமா இருந்துச்சும்மா" என்றார். "வேற யார் பேர எழுதச் சொல்ற? எனக்கு வேற யாரு இருக்காங்க?"

நான் காலையில் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் என்னைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார், நானும் போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்து அப்பா வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் உருதுதான். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னிக்கி மேனேஜர் ஒரு லெட்டரக் கொடுத்து அனுப்பினாரு. உங்க ஸ்கூல்ல டோரதின்னு ஒருத்தவங்க இருக்காங்களாமே? அவங்க வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வரணும். ஒடுகத்தூர்ல நம்ம முதலாளிக்கு இன்னொரு ஸ்கூல் இருக்கே, சொந்த விருப்பத்துல அங்க மாறிப் போறேன்னு லெட்டரு. என்ன திமிரு பாரு, முப்பத்தெட்டு பாட்டில்ல தன் பேர ஒட்டி முதலாளி முன்னாடியே வெச்சிருக்காங்க. கம்பெனிய அசிங்கப்படுத்தணும்னே."

"கையெழுத்துப் போட்டாங்களா?" என்று அம்மி கேட்டார்.

"போட்டாங்க. படிக்கக்கூட இல்ல. நான் பேரச் சொன்னதும் ஒரு மாதிரி பாத்தாங்க. ஜோயாவோட அப்பாவான்னு கேட்டாங்க. ஆமான்னேன். உக்காருங்கன்னு சொல்லி டீ போட்டுக் கொடுத்தாங்க. ஸ்டவ்வப் பத்தவெக்க அவங்க பட்ட பாடு." அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பசுமைப் படையில நீயும் இருந்தியா?"

என் அப்பா கெட்டவர் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்பார், அடிக்கக்கூட மாட்டார். ஒருவேளை மறுநாளே போய் முதலாளியிடம் என் பொண்ணுதான் எழுதினாள் என்று சொல்லியிருப்பார். அதுதான் என் பயம். அப்துல் ஹமீத் வீட்டுப் பூட்டிய கதவு எங்கள் ஜன்னலுக்கு நேரே தெரியும். தட்டுக்குக் கீழே விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"இல்லப்பா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். அவருடைய வேலை அதற்குப் பிறகு பதினோரு வருஷம், ஓய்வு பெறும் வரைக்கும் இருந்தது. நான் படித்தது, தம்பிகள் படித்தது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

டோரதி மிஸ் அடுத்த வாரத்திலிருந்து ஒடுகத்தூருக்குப் போனார். ஆய்வகம் இல்லாத சின்னப் பள்ளிக்கூடம். வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போவதும் மணி அடிப்பதும் வேலை. ஆம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், திரும்பி வர இரண்டு பஸ். மலையடிவாரத்து வளைவுகள். ஒவ்வொரு நாளும் அவர் அந்த பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். பிறகு நினைப்பதை நிறுத்திவிடுவேன்.

2009-ல், பிளஸ் ஒன் படிக்கும்போது, ஒரு காலையில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தார். இரண்டு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை எல்லாம் சொல்லிவிடுவது என்று ஓடிப்போய் முன்னால் நின்றேன். மிஸ் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே பயம் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், டீக்கடையில் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தார்.

"உங்க அப்பா அதே கம்பெனியிலதான இருக்காரு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆமா மிஸ்."

"அப்ப எங்கூட நின்னு பேசாதம்மா. யாராவது பாத்துட்டு அங்க சொல்லிடுவாங்க. போ."

நான் சுற்றிலும் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸுக்காகப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள், அதில் இரண்டு பேர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் எங்கள் பக்கம் திரும்புவதற்குள் நான் போய்விட்டேன்.